எடைமேடை ஷெஹாத்தாவும் சூடான டீயும்

“என் கண்ணெதிர்ல பொறந்த சண்டை ஒண்ணுகூட உயிரோட வீடு போய்ச் சேர்ந்தது கிடையாது. தம்ளர்ல டீயை ஊத்தி வச்சிட்டு எழுந்து போவேன். சண்டையை முடிச்சிட்டுத் திரும்பி வந்து உட்காரும்போது அதே டீ நாக்கைச் சுடும். ஆறிப்போன டீ என்ன ருசின்னு இந்த ஷெஹாத்தாவுக்குத் தெரியாது.”

கிழங்குப் பருவத்தின் முதல் நாள், சர்க்கரை ஆலை வாசலில் வரிசை கட்டி நின்ற டிராக்டர்காரர்களைக் கூட்டிவைத்து, ஒரு கையில் பச்சை வெங்காயமும் மறு கையில் மொச்சை மசியல் திணித்த ரொட்டியுமாக அவர் இதை அறிவித்தார். யாரும் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் அது சண்டையாகியிருக்கும். சண்டையானால் டீ வந்திருக்கும். அந்த டீக்காகவே ஒரு வார்த்தை மறுத்துப் பார்க்கலாமா என்று சிலர் யோசித்ததாகக் கேள்வி.

எங்கள் சர்க்கரை ஆலை, நைல் கழிமுகத்தில், தெசூக் நகரத்துக்குப் போகும் சாலையில் கால்வாயை ஒட்டி இருக்கிறது. பீட் கிழங்கு ஏற்றி வரும் வண்டிகள் முதலில் எடைமேடையில் ஏற வேண்டும். எடை போடுகிறவர் ஷெஹாத்தா. எல்லாரும் அவரை ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மக்காவுக்குப் போனவரல்ல. பக்கத்து நகரமான தன்த்தாவைத் தாண்டிப் போனதே ஒரே ஒரு முறை. அதுவும் ரயிலில் தூங்கிவிட்டதால். ஆனால் அந்த நரைத்த தலையையும் அகன்ற உள்ளங்கையையும் பார்த்துவிட்டு வேறு எப்படிக் கூப்பிடுவது என்று யாருக்கும் தோன்றவில்லை.

எடைமேடைக்கு அடுத்தது மாதிரி எடுக்கும் இடம். ஓர் இரும்புக் குழாய் வண்டிக்குள் இறங்கி, கூடையளவு கிழங்கை அள்ளிக்கொண்டு வரும். அதைக் கழுவி, இதில் மண் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று சொல்வார்கள். மண் எவ்வளவோ அவ்வளவு காசு குறையும். தன் கிழங்கில் மண் இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட விவசாயி நைல் பாயும் நிலத்தில் இதுவரை பிறக்கவில்லை. ஆகவே எங்கள் முற்றத்தில் சர்க்கரைக்கு முன்னால் உற்பத்தியாவது சண்டைதான். அதற்கு ஒரு நிபுணர் தேவைப்பட்டதில் வியப்பில்லை.

நிபுணரின் முறை எளிமையானது. இரண்டு பேர் மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு நிற்பார்கள். ஷெஹாத்தா நடுவே போய்க் கையை விரித்து, “நபி மேல ஸலவாத்து சொல்லுங்கப்பா” என்பார். நபிக்கு வாழ்த்துச் சொல்லச் சொன்னபின் வாயை மூடிக்கொண்டிருக்க எங்கள் ஊரில் யாராலும் முடியாது. சொல்லி முடிக்கையில் மண்வெட்டி தோளுக்கு இறங்கியிருக்கும். (சண்டைக்காரர்களில் கிறிஸ்தவர் இருந்தால் அதற்கும் ஒரு சொல் வைத்திருந்தார். சமாதானத்தில் அவர் யாரையும் விட்டுவைத்ததில்லை.) அப்புறம் ஒருவன் காதில், “தப்பு அவன் மேல. ஆனா நீதான் பெரிய மனுஷன், விட்டுடு” என்பார். மற்றவன் காதிலும் அதையே சொல்வார். சின்னவன் பெரியவன் தலையில் முத்தமிட வேண்டும். எல்லாருமாகக் குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஓத வேண்டும். கடைசியில் டீ. கறுத்து, கெட்டியாக, தம்ளரின் அடியில் சர்க்கரை படியும் டீ. அந்தச் சர்க்கரையை அவர் சொந்தக் காசில் கடைத்தெருவில் வாங்கி வந்தார். சர்க்கரை ஆலைக்குள் கிடைக்காத ஒரே பொருள் அதுதான்.

ஏன் இப்படி ஒரு தொழிலைத் தானாக இழுத்துப் போட்டுக்கொண்டார் என்று கேட்டால், அவருடைய அப்பாவிடம் போக வேண்டும். அப்பாவும் சித்தப்பாவும் வாய்க்கால் தண்ணீர் முறைக்காகப் பேச்சை நிறுத்தினார்கள். ஒரே சுவர், இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு. சித்தப்பா இறந்தபோது அழுகைச் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. அப்பா எழுந்து ஜன்னலைச் சாத்தினார். ஷெஹாத்தா அதைப் பார்த்தவர். அன்றிலிருந்து உலகத்தில் சண்டையைவிடக் கெட்டது எதுவும் இல்லை என்பது அவர் முடிவு. அந்த முடிவை அவர் மறுபடி எடுத்துப் பார்க்கவே இல்லை.

அவர் மனைவி ஃபிக்ரிய்யா மட்டும் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் வேறு மாதிரி சொல்வாள்: “எனக்கும் அவருக்கும் சண்டையே வந்ததில்லன்னு எல்லாரும் பொறாமைப்படறீங்க. கல்யாணம் ஆன நாள்லேருந்து ஒரு சண்டையை நான் முடிச்சதில்லடி. நான் வாயைத் திறந்தா அவர் கெட்டிலை ஏத்திடுவாரு.”

இதைப் பெண்கள் வேடிக்கை என்று எடுத்துக்கொண்டார்கள். ஃபிக்ரிய்யா சிரித்ததாக யாரும் சொல்லவில்லை.

மிர்வத் எங்கள் ஆலைக்கு வந்தது நான் சொல்லும் இந்தப் பருவத்துக்கு முந்தைய பருவம். விவசாயக் கல்லூரியில் படித்தவள்; எங்கள் ஊரில் அப்படிப் படித்தவர்களும் எஞ்சினியர்தான், அதனால் எல்லாருக்கும் எஞ்சினியரம்மா. மாதிரி எடுக்கும் இடம் அவள் பொறுப்பு. வெள்ளைக் கோட்டு, ரப்பர் பூட்ஸ், தலைத்துணியை இறுக்கிக் குத்திய ஊசி. மண் கணக்கை அவள் சத்தமாக ஒரே ஒரு முறை சொல்வாள். மறுமுறை கேட்டால் தராசைக் காட்டுவாள். அவள் வேலை பருவ ஒப்பந்தம். அந்த வருடக் கடைசியில் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அப்பா படுக்கையில். அண்ணனுக்கு ஒரு செல்போன் கடை; அதில் கடனைத் தவிர வேறு எதுவும் பெரிதாக விற்கவில்லை. எனவே அந்த நிரந்தரம் என்ற ஒரு சொல்லின்மேல்தான் ஒரு வீடு முழுதும் உட்கார்ந்திருந்தது.

முற்றத்தின் தலைவர் லுத்ஃபி பே. ‘பே’ என்ற பட்டத்தை அரசாங்கம் எப்போதோ எடுத்துவிட்டது. அவர் அதைத் திருப்பித் தரவில்லை. வண்டி எண்களைக் கூப்பிட ஓர் ஒலிபெருக்கி உண்டு. அதன் சத்தம் கால்வாயின் அக்கரைக்குப் போகும். அங்கே எருமை மேய்க்கிறவர்கள் வண்டி எண்ணைக் கேட்டே மதியச் சாப்பாட்டுக்கு நேரமாயிற்றா என்று கணிப்பார்கள். மைக் இருந்தது லுத்ஃபி பே மேசையில். எண்களுக்கு நடுவே அவர் கொஞ்சம் நகைச்சுவையும் சேர்ப்பார்.

“அடுத்த வண்டி ஏறலாம். எஞ்சினியரம்மா இன்னிக்குக் கண்ணுக்கு மை போட்டிருக்காங்க, மண்ணெல்லாம் அழகாத் தெரியும், பயப்படாம வாங்க.”

முற்றம் சிரித்தது. முற்றத்தின் கடமை அது. மைக் வைத்திருப்பவர் சிரிப்பு மூட்டினால் சிரிக்க வேண்டும். மிர்வத் கையுறையைக் கழற்றிவிட்டு அவர் மேசைக்கு நேரே நடந்தாள். “என் பேரை அதுல சொல்லாதீங்க. வண்டி நம்பரை மட்டும் சொல்லுங்க” என்றாள். லுத்ஃபி பே எழுந்தார். குரல் உயர்ந்தது. உயர்ந்ததோ இல்லையோ, எடைமேடை அறையிலிருந்து அகன்ற உள்ளங்கைகள் இரண்டு வந்துவிட்டன.

“ஸலவாத்து சொல்லுங்க மகளே. பே, நீங்களும் சொல்லுங்க.”

சொன்னார்கள். மிர்வத்தும் சொன்னாள்; எப்படிச் சொல்லாமல் இருப்பாள்? ஷெஹாத்தா அவளை உட்கார வைத்தார். “அவர் உன் அண்ணன் மாதிரி. காலைல சர்க்கரை ஏறிடுச்சு அவருக்கு, அதான் வாய் கொஞ்சம் அப்படி. நீ படிச்ச பொண்ணு, உன் மனசு பெருசு. போனாப் போகுதுன்னு சொல்லிடு.”

“என்ன போனாப் போகுது ஹாஜியாரே?”

“சும்மா சொல்லு மகளே. சொல்லிட்டா முடிஞ்சுது.”

சொன்னாள். முடிந்தது. டீ சூடாக இருந்தது. எல்லாரும் குடித்தார்கள். லுத்ஃபி பே இரண்டு தம்ளர் குடித்தார். ஏறியிருந்த சர்க்கரையைப் பற்றி அப்போது யாருக்கும் நினைவில்லை.

அதற்குப் பிறகும் இது நடந்தது. ஒரு முறை அவள் நடையைப் பற்றி. ஒரு முறை அவளுக்கு ஏன் இன்னும் கல்யாணமாகவில்லை என்று வரிசையில் நின்றவர்களிடம் பொது ஆலோசனை. ஒவ்வொரு முறையும் நிபுணர் வந்தார், ஸலவாத்து வந்தது, டீ வந்தது. ஒவ்வொரு முறையும் போனாப் போகுது என்று சொல்ல வேண்டியவள் அவளாகவே இருந்தாள். லுத்ஃபி பே மூத்தவர், மேலதிகாரி, சர்க்கரை நோயாளி. மன்னிக்கிற அளவுக்கு அவருக்கு உடம்பில் தெம்பில்லை. மிர்வத் குரல் குறைந்துகொண்டே வந்தது. மண் கணக்கைச் சொல்லும்போது கூடத் தராசைப் பார்த்தே சொன்னாள். முற்றம் அமைதியாக இருக்கிறது, எல்லாம் ஹாஜியாரின் ஆசி, பரக்கத்து என்று மேலாளர் ஒருநாள் பாராட்டினார்.

பருவம் முடிய இருந்த வேளையில் அது நடந்தது. லுத்ஃபி பேயின் மைத்துனர் வண்டியில் மண் அதிகம் என்று மிர்வத் எழுதினாள். இருந்தது, எழுதினாள். ஒலிபெருக்கி திறந்தது.

“எஞ்சினியரம்மாவுக்கு ஊர்க் கிழங்கைக் கழுவத் தெரியுது. தன் பேரைக் கழுவத்தான் தெரியல. அவங்க கல்யாணம் ஏன் நின்னுச்சுன்னு அந்த மாப்பிள்ளை வீட்டுல போய்க் கேளுங்க, சொல்லுவாங்க.”

இந்த முறை முற்றம் சிரிக்கவில்லை. யாரும் எதுவும் செய்யவுமில்லை. எல்லாருக்கும் திடீரென்று வண்டி டயரில் ஏதோ பார்க்க வேண்டியிருந்தது. அக்கரையில் ஒருவர் எருமையை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார். மிர்வத் லுத்ஃபி பேயிடம் போகவில்லை. கோட்டைக் கழற்றாமல் நேராக அலுவலகத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தாள்.

ஆலை சட்டப்பிரிவிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். சரியான மனிதர்தான். “ஒரே ஒரு சாட்சி போதும்” என்றார். எங்கள் முற்றத்தில் அன்று நடந்த மருத்துவ அதிசயத்தை அவர் குறித்துக்கொண்டிருக்க வேண்டும். டிராக்டர்காரர் ஒருவருக்கு எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. கிழங்கு கழுவுகிறவருக்குக் காதில் தண்ணீர். கணக்குப் பிரிவுக்காரர் அந்த நேரத்தில் தொழுதுகொண்டிருந்தாராம். அவரை ஒருநாளும் தொழுகையில் பார்த்திராத பள்ளிவாசல் பணியாளரே இதைக் கேட்டு அதிர்ந்துபோனார். கால்வாயைத் தாண்டி எருமைக்குக் கேட்ட சத்தம், மைக்குக்குப் பத்தடியில் நின்ற ஒரு மனிதனுக்கும் கேட்கவில்லை.

மிச்சமிருந்தவர் ஷெஹாத்தா. அவர் பொய் சொல்ல மாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். விசாரணைக்கு முந்தின நாள் மிர்வத் எடைமேடை அறைக்கு வந்தாள்.

“நீங்க கேட்டீங்களா இல்லையா ஹாஜியாரே?”

“உட்காரு மகளே. டீ போடறேன்.”

“டீ வேண்டாம். கேட்டீங்களா?”

“கேட்டேன்தான். ஆனா பாரு, நான் பேகிட்ட பேசிட்டேன். இந்த முற்றத்துலயே, எல்லார் எதிர்லயும் வந்து உன் தலைல முத்தம் வைக்கிறேன்னுட்டாரு. லுத்ஃபி பே. யோசிச்சுப் பாரு, யாருக்கு அவர் இதைச் செஞ்சிருக்காரு?”

“எனக்கு அவர் முத்தம் வேண்டாம்.”

“என் நரைச்ச தலைக்காக ஒத்துக்கோ. புகாரு, கேஸுன்னு போனா இது வருஷக்கணக்கா இழுக்கும். எங்க வீட்டுல பாத்திருக்கேன் நான். ஒரு சாவுக்குக்கூடப் போக முடியாமப் போயிடும்.”

“நீங்க எனக்காக எதுவும் பண்ண வேண்டாம் ஹாஜியாரே. கேட்டதைக் கேட்டேன்னு சொல்லுங்க. அவ்வளவுதான் நான் கேக்கறது.”

அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனாள். அவரோ சமாதானத்துக்கான வழி திறந்ததாக எடுத்துக்கொண்டு கெட்டிலை ஏற்றினார்.

மறுநாள் அதிகாரி கேட்டார். ஷெஹாத்தா பொய் சொல்லவில்லை. தன் முறைப்படி உண்மையைச் சொன்னார்: “ரெண்டு பேருக்கும் ஒரு சின்ன மனஸ்தாபம் ஐயா. இந்தப் பக்கம் ஒரு வார்த்தை, அந்தப் பக்கம் ஒரு வார்த்தை. நம்ம வீட்டுப் பசங்கதானே. நான் பேசி முடிச்சு வைக்கிறேன், நீங்க இதைப் பெருசு பண்ணாதீங்க.”

அதிகாரி எழுதிக்கொண்டார். வெளியே வந்து ஷெஹாத்தா, “ரெண்டு பேரையும் காப்பாத்திட்டேன்” என்று எங்களிடம் சொன்னார். உண்மையாகவே அப்படி நினைத்தார். அன்று டீயில் சர்க்கரை வழக்கத்தைவிட அதிகம்.

தீர்ப்பு நியாயமாக, இரண்டு பக்கத்துக்கும் சமமாக வந்தது. பணியிடத்தில் தகராறு செய்ததாக லுத்ஃபி பேக்கும் ஓர் எச்சரிக்கை, மிர்வத்துக்கும் ஓர் எச்சரிக்கை. லுத்ஃபி பே நிரந்தர ஊழியர். எச்சரிக்கை கோப்பில் போய்ப் படுத்துக்கொண்டது. மிர்வத் ஒப்பந்த ஊழியர். தகராறு செய்கிறவர்களை நிரந்தரமாக்கும் வழக்கம் ஆலைக்கு இல்லை.

கோட்டையும் பூட்ஸையும் ஒப்படைக்க வந்த அன்று எடைமேடை அறை வாசலில் கொஞ்சம் நின்றாள். ஷெஹாத்தா டீ ஊற்றி நீட்டினார். அவள் வாங்கவில்லை.

“கோபமா மகளே?”

“இல்ல ஹாஜியாரே. கோபப்பட்டா ஸலவாத்து சொல்ல வைப்பீங்க.”

போய்விட்டாள். அந்த டீயை அவரே குடித்தார். அது அப்போதும் சூடாகத்தான் இருந்தது.

அடுத்த பருவம் தொடங்கியபோது உம்மு ஃபாரூக் தன் டிராக்டரில் வந்தாள். விதவை, சொந்த நிலம், தானே ஓட்டுவாள். நாக்கு டிராக்டரைவிட வேகம். எடை போட்டு முடிந்தும் அவள் மேடையை விட்டு இறங்கவில்லை.

“எங்க அந்தப் புள்ள? மண்ணைச் சரியாச் சொல்லுமே, அது.”

“வேலை மாறிப் போயிடுச்சு உம்மு ஃபாரூக். நல்லபடியாச் சமாதானம் பண்ணிதான் அனுப்பினோம்.”

“அப்படியா. போன வருஷம் எனக்கும் ஸலாமாவுக்கும் வரிசைக்காகச் சண்டை வந்துச்சே, ஞாபகம் இருக்கா? நான் அவன் அம்மாவைத் திட்டினேன், அவன் என் எருமையைத் திட்டினான். ரெண்டு பேரும் உங்க டீயைக் குடிச்சோம். சரி. இந்தப் புள்ள யாரைத் திட்டிச்சு?”

ஷெஹாத்தா சர்க்கரை டப்பாவைக் கையில் எடுத்தார்.

“சொல்லுங்க ஹாஜியாரே, அவசரம் இல்ல. யாரைத் திட்டிச்சு அது? எதுக்கு நீங்க அதைச் சமாதானம் பண்ணினீங்க?”

பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. ஷெஹாத்தா டப்பாவின் மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். உம்மு ஃபாரூக் அந்த டப்பாவைப் பார்த்துவிட்டு, “டீ நல்லாத்தான் இருக்கும் உங்களுது” என்று சொல்லி வண்டியை எடுத்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் தெசூக் போனார். கையில் ஒரு பொட்டலம் டீத்தூள், ஒரு பை சர்க்கரை. அண்ணனின் செல்போன் கடையில் மிர்வத் உட்கார்ந்திருந்தாள். அங்கே யாரும் அவளை எஞ்சினியரம்மா என்று கூப்பிடவில்லை. “ஏம்மா, இதுக்குக் கண்ணாடி ஒட்டணும்” என்றார்கள். அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள்.

“மகளே, நான் அன்னிக்கு அங்க சொன்னது...”

“என்னைச் சமாதானம் பண்ண வந்திருக்கீங்களா ஹாஜியாரே?”

வாழ்நாளெல்லாம் அவர் கையில் வைத்திருந்த சொற்களில் ஒன்றும் அங்கே செல்லுபடியாகவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் வந்தார், போனார். இன்னொருவர் வந்தார். சும்மா உட்கார்ந்திருப்பது கடைக்கு நஷ்டம் என்று தோன்றியதோ என்னவோ, ஷெஹாத்தா எழுந்து ஒரு சார்ஜர் கேட்டார். எந்த போனுக்கு என்று அவள் கேட்டதற்கு, “நல்லதா ஒண்ணு குடு” என்றார். காசு கொடுத்தார். கொண்டுவந்த பொட்டலங்களை நாற்காலியிலேயே விட்டு வந்தார். அந்த சார்ஜர் அவருடைய பழைய போனில் நுழையவில்லை. எடைமேடை அறையில் ஓர் ஆணியில் தொங்கியது. ஏன் தொங்குகிறது என்று கேட்டவர்களிடம் வண்டி எண்ணைக் கேட்டார்.

அடுத்த வாரம் ஒருநாள் தலைமை அலுவலகத்துக்குப் போய், தான் சொன்னதை மாற்றிச் சொல்ல வேண்டும் என்று கேட்டும் பார்த்தார். சமாதானமான வழக்கைத் திறக்க முடியாது என்றார்கள். அதிகாரி அன்பாகவே சொன்னார்: “உங்க மாதிரி ஆளுங்க இருக்கிறதாலதான் ஹாஜியாரே எங்களுக்கு வேலை குறைவு.”

மிர்வத் இடத்துக்கு ஷைமா என்று ஒரு பெண் வந்தாள். வெள்ளைக் கோட்டு அதேதான். தோளில் கொஞ்சம் பெரிதாக இருந்தது. லுத்ஃபி பே கொஞ்சநாள் வண்டி எண்களை மட்டும் சொன்னார். எச்சரிக்கை கோப்பில் நன்றாகத் தூங்குகிறது என்று உறுதியானதும் ஒரு மதியம் ஒலிபெருக்கி தொண்டையைச் செருமியது.

“புது எஞ்சினியரம்மாவுக்குக் கோட்டு பெருசா இருக்கு. பரவால்ல, இந்த முற்றத்துல எல்லாரும் கண்ணாலயே அளவெடுத்துட்டாங்க.”

ஷைமா நின்றாள். “இப்படி எல்லாம்...” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டு, எடைமேடை அறையைப் பார்த்தாள். அங்கே ஒரு பெரியவர் இருக்கிறார், எல்லாவற்றையும் சரி பண்ணிவிடுவார் என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். முற்றமும் அங்கேதான் பார்த்தது. அப்போதுதான் டீயை ஊற்றியிருந்தார். ஆவி பறந்தது.

ஷெஹாத்தா எழுந்து வந்தார். வழக்கமான இடத்தில் நின்றார். எங்கள் உதடுகள் ஸலவாத்துக்குத் தயாராயின.

அவர் அதைச் சொல்லவில்லை.

“நான் கேட்டேன், லுத்ஃபி பே” என்றார். சத்தமாகக்கூட இல்லை.

“என்னத்தக் கேட்டீங்க? வேடிக்கையா ஒரு வார்த்தை சொன்னேன்.”

“முழுசாக் கேட்டேன். எங்க கேட்டாலும் நீங்க சொன்னதை அப்படியே சொல்லுவேன்.” பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார். “நீ பாதில நிறுத்திட்டம்மா. சொல்லு.”

அவள் சொன்னாள். முதலில் மெதுவாக, அப்புறம் மெதுவாக இல்லாமல். லுத்ஃபி பேயும் சொன்னார். வரிசை நின்றது. பின்னாலிருந்து ஒரு டிராக்டர்காரர், “ஹாஜியாரே, ஸலவாத்து சொல்லி முடிச்சு விடுங்க, கிழங்கு வாடுது” என்றார்.

“வாடட்டும்” என்றார் ஷெஹாத்தா.

சண்டை மேலாளர் அறைக்குப் போனது. அவரும் கூடவே போனார். அது அன்று முடியவில்லை. உயிரோடு லுத்ஃபி பே வீட்டுக்கும் போயிற்று, ஷைமா வீட்டுக்கும் போயிற்று. ஹாஜியாருக்கு வயதாகிவிட்டது, பாவம், பிடி விட்டுப்போயிற்று என்று முற்றத்தில் பேசிக்கொண்டோம்.

வெயில் சாயும் நேரத்தில் எடைமேடை அறைக்குத் திரும்பினார். நுழையாத சார்ஜருக்குக் கீழே மதியம் ஊற்றிய டீ இருந்தது. மேலே டிராக்டர் புழுதி படிந்திருந்தது. விரலால் ஒதுக்கிவிட்டுக் குடித்தார். அடியில் கிடந்த சர்க்கரை வரை, மெதுவாக, முழுதும் குடித்தார். பிறகு தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுத்த வண்டியை மேடையில் ஏறச் சொன்னார்.